சாத்திய பலகை

சேசு மரி சூசை துணை

மேற்குத் தாம்பரம்,
6-2-1966

வணக்கத்துக்குரிய சின்னப்பன் சாமிக்கு அக்காள் அமலராணி எழுதுவது. தோத்திரம். முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கேளம்பாக்கத்து உப்புக் காற்று உங்கள் இருமலுக்கு ஒத்துக்கொள்கிறதா? சுக்கு அனுப்பினேனே, வந்ததா?

சாமி, போன வியாழக்கிழமை பட்டாளத்திலிருந்து தேவானந்தத்தின் பெட்டி வந்தது. அவன் போன செப்டம்பர் சண்டையில் போனவன், பெட்டி இப்போதுதான் வருகிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு மெட்டில்டா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு கம்பளிச் சட்டை, சவரக் கத்தி, நீங்கள் கொடுத்த செபமாலை, ஒன்றும் எழுதாத இரண்டு இன்லேண்டு கடிதம். காகிதத்தில் சுற்றிய மூன்று கண்ணாடி வளையல்களும் இருந்தன. எனக்கென்று வாங்கியிருப்பான் போலிருக்கிறது, போட்டுப் பார்த்தேன், கணு தாண்டவில்லை. இருபத்தொரு வயதாகியும் அம்மாவின் கை அளவு தெரியாத பிள்ளை.

எனக்கு அந்தக் காபியை மறக்க முடியவில்லை சாமி. லீவு முடிந்து அவன் ரயில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு அரை மணி இருக்கும்போது பழக்க தோஷத்தில் டம்ளரை நீட்டிவிட்டேன். பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன், அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தான். இப்போது ஒரு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு மணியையும் நான் கெடுத்தேன். எல்லோரும் பீடத்தண்டை நன்மை அப்பம் வாங்க எழுந்து போனபோது அவன் மட்டும் பெஞ்சிலேயே இருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு நன்மை கொடுக்க அந்தப் பொட்டல் காட்டில் எந்தச் சாமியார் இருந்தார்? கடைசி நன்மை இல்லாமல் என் பிள்ளையை அனுப்பியது நான்தான்.

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நீங்கள் துக்கத்துக்கு வந்து போனதோடு சரி, ஐந்து மாதமாக வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. இங்கேயே உதவிக் குருவாக இருந்தவர், அவன் செத்த மறுமாதமே ஏன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள் என்றும் தெரியவில்லை. அம்மா போனபின் உங்களையும் வளர்த்தேன், அவனையும் பெற்று வளர்த்தேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றவர்கள். நீங்கள் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து நானும் ஊர் வழக்கப்படி சாமி என்றும் நீங்கள் என்றும் அழைக்கிறேன். என் முதுகில் மூக்கைத் துடைத்த பிள்ளையை அப்படி அழைக்க முதலில் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசீரைக் கேட்கும்,
அமலராணி

†

கேளம்பாக்கம்,
20-2-1966

அன்புள்ள அக்காவுக்கு, ஆசீர். சுக்கு வந்தது. இருமல் குறைந்திருக்கிறது. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும்.

தேவானந்தத்துக்காக தினமும் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். சர்வேசுரன் இரக்கமுள்ளவர். காபியை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

இங்கே கோயில் கூரையில் ஓடு பாதிக்கு மேல் போய்விட்டது. போன மழையில் பீடத்தின் மேலேயே ஒழுகியது. சீமை ஓடு போடலாமா, நாட்டு ஓடே போதுமா என்று உபதேசியார் அந்தோணிசாமியோடு தினமும் வாதம். நாட்டு ஓடானால் படப்பைப் பக்கம் சூளையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வண்டிக் கூலி அதிகம். சீமை ஓட்டுக்குக் குறுக்குச் சட்டங்களையும் மாற்ற வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிற சனங்கள் ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். கால் வெடிப்போடு முழங்காலில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. சட்டத்துக்குப் பனங்கை போதும் என்று உபதேசியார் சொல்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வர முயற்சி செய்கிறேன்.

ஆசீருடன்,
சின்னப்பன் சாமி

சேசு மரி சூசை துணை

மேற்குத் தாம்பரம்,
27-2-1966

சாமிக்குத் தோத்திரம். வேப்பெண்ணெய் தடவுகிறேன். நாற்றம் பொறுக்காமல் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

உங்கள் கடிதத்தில் தேவானந்தத்துக்கு மூன்று வாக்கியம், ஓட்டுக்கு ஒரு பக்கம். மூன்றாம் வகுப்பு டீச்சர், எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. என் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் எழுது என்று சிவப்பு மசியில் போட்டிருப்பேன்.

கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை போலும். இப்போது கேட்கிறேன். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெரிய சாமி ஊரில் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் பாவம் கேட்க நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். தேவானந்தம் போய் முழங்காலில் நின்றான். அவனுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பெண்கள். நீங்கள் உள்ளே வலைச் சன்னலின் பலகையைத் தள்ளித் திறந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாத்துகிற சத்தமும் கேட்டது. பட்டென்று சாத்தினீர்கள். அவன் எழுந்து நேரே வெளியே போனான். பீடத்தின் முன்னால் நின்று அபராதச் செபம்கூடச் சொல்லவில்லை. மூட்டை கட்டும் அவசரம், வீட்டில் சொல்லிக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் என்ன பாவம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை சாமி. அதைக் கேட்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். பாவப்பொறுத்தல் கொடுத்தீர்கள் என்பதும் தெரியும், தாய்மாமன் கொடுக்காமல் யார் கொடுப்பது. இருந்தாலும் அதை உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். பாவப்பொறுத்தலோடு போனான் என்றால் நன்மை வாங்காதது பெரிய காரியம் இல்லை. என் காபியும் பெரிய குற்றம் இல்லை. அந்த ஒரு வரியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.

கூரை சீக்கிரம் முடியட்டும்.

அமலராணி

†

கேளம்பாக்கம்,
19-6-1966

அன்புள்ள அக்காவுக்கு, ஆசீர். உங்கள் நாலு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். உடம்பு சுகந்தான். கூரை முடிந்தது. நாட்டு ஓடுதான்.

ஒரு முக்கியமான விஷயம். குருக்களின் வருஷாந்திரத் தியானத்துக்குப் பட்டாளத்துச் சாமியார் ஒருவர் வந்து பேசினார். பட்டாளத்தில் ஒவ்வொரு மதத்துக்கும் போதகர் உண்டாம். பண்டிட், மௌல்வி, கிரந்தி எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பிடுவாராம். நம்மவர்கள் ஒரு பட்டாளத்தில் ஐந்து பேர், பத்து பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். போன சண்டையில் பல இடங்களில் நூறு மைல் சுற்றளவுக்கு ஒரு சாமியார் இல்லை என்றார். யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அறுபது பேர் இருந்த மண்டபத்தில் நாலு பேர் கையைத் தூக்கினோம். சாயங்காலத்துக்குள் ஒருவருக்குத் தாயாரின் கண் ஆபரேஷன் ஞாபகம் வந்தது. ஒருவர் பள்ளிக்கூடக் கட்டடம் பாதியில் நிற்கிறது என்றார். இன்னொருவர் விளையாட்டுக்குத் தூக்கினேன் என்றார். நான் மட்டும் கையை இறக்கவில்லை.

அனுமதி கேட்க மேற்றிராணியாரைப் போய்ப் பார்த்தேன். "இருக்கிற பங்கை விட்டுவிட்டுப் போக என்ன காரணம்?" என்று கேட்டார். கூரை முடிந்துவிட்டது என்றேன். அதைக் கேட்டுவிட்டு, "ஏற்கனவே ஒரு பிள்ளையைக் கொடுத்த வீடு. உன் அக்கா சம்மதம் என்று எழுதிக் கொடுக்கட்டும், அனுப்புகிறேன்" என்றார். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது அக்கா. ஆம் என்றும் கூடாது, இல்லை என்றும் கூடாது. யாருக்கும் கூடாது.

ஆசீருடன்,
சின்னப்பன் சாமி

சேசு மரி சூசை துணை

மேற்குத் தாம்பரம்,
25-6-1966

சாமிக்குத் தோத்திரம். நான் நலமா என்று கேட்டிருந்தால் நலம் என்று எழுதியிருப்பேன்.

இந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்கு ஒருவன் போனது போதாதா? உங்களுக்கு உப்பளத்து சனங்கள் போதாதா? இருக்கிற ஒரு தம்பியையும் அதே இடத்துக்கு அனுப்ப நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல மேற்றிராணியார்.

சரி, போடுகிறேன். அதற்கு முன்னால் எனக்கு அந்தப் பதில் வேண்டும். நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். நீங்கள் எந்தக் கடிதம் எழுதினாலும் தலைப்பில் ஒரு சிலுவை போடுகிற வழக்கம் உண்டு. அடுத்த கடிதத்தில் ஊர்க்கதை எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அவனுக்குப் பாவப்பொறுத்தல் கொடுத்திருந்தால் எப்போதும்போல் சிலுவை போடுங்கள். இல்லையென்றால் போட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். இது உங்கள் ரகசியத்தை உடைத்ததாக ஆகாது.

சிலுவை போட்ட கடிதம் வந்த மறுநாள் சம்மதக் கடிதம் தபாலில் சேரும்.

அமலராணி

சேசுவுக்கே புகழ்

கேளம்பாக்கம் கோயில் வளாகம்,
14-7-1966

மரியாதைக்குரிய டீச்சரம்மா அவர்களுக்கு, உபதேசியார் அந்தோணிசாமி தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. நானும் என் சம்சாரமும் நலமாய் இருக்கிறோம். தங்கள் நலம் அறிய ஆவல்.

சாமி சொல்லி இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். "உபதேசியாரே, அக்காவுக்கு நான் எழுதக் கூடாது, நீங்க எழுதிடுங்க" என்றார். "இன்னா சாமி எழுதணும்?" என்று கேட்டேன். "சாமி எழுத மாட்டாருன்னு எழுதுங்க. அவ்ளோதான்" என்றார்.

அம்மா, இது அவருக்குத் தெரியாமல் நான் சேர்ப்பது. சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை எடுத்து வைக்கிறார். மேலே சிலுவை போடுகிறார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கிழித்து அடுப்பில் போடுகிறார். வேறு தாள் எடுத்து, சிலுவை போடாமல் அன்புள்ள அக்காவுக்கு என்று எழுதுகிறார். அதையும் கிழிக்கிறார். என் சம்சாரம், "சாமிக்கு யாருனா செய்வினை வச்சிட்டாங்களா" என்று கேட்கிறாள். உபதேசியார் பெண்டாட்டி பேசுகிற பேச்சா என்று அதட்டி வைத்தேன். ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள,
அந்தோணிசாமி

மேற்குத் தாம்பரம்,
18-7-1966

சாமிக்கு. அஞ்சலட்டை போதும். சிலுவை போட ஒருவருக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகாது. பத்து நாள் ஏன் ஆகிறது என்று நான் யோசிக்க விரும்பவில்லை. யோசிக்க மாட்டேன்.

சம்மதம் தருவதற்கில்லை. வேளைக்குச் சாப்பிடவும்.

அ.

கேளம்பாக்கம்,
22-1-1967

அன்புள்ள அக்காவுக்கு, ஆசீர். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நடமாடுகிறேன்.

இந்தத் தாளின் தலையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். இனி உங்களுக்கு எழுதும் எல்லாக் கடிதமும் இப்படித்தான் வரும். அங்கே சிலுவை இருந்ததா இல்லையா என்று தேட வேண்டாம்.

ஆம் என்பதால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். இன்று ஒரு தாய்க்கு ஆம் என்று சொன்னால், நாளை இன்னொரு தாய் கேட்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதே இல்லை என்று ஆகிவிடும். அதனால் எந்தத் தாய்க்கும் எதுவும் சொல்ல முடியாது. செமினாரியில் இதைப் படித்தபோது எளிதாக இருந்தது.

மறுபடியும் கேட்கிறேன், சம்மதக் கடிதம் எழுதிக் கொடுங்கள். முப்பத்துநாலு வயதைத் தாண்டினால் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள். எனக்கு வருகிற மாசியோடு முப்பத்துமூன்று முடிகிறது. இங்கே சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியில் உட்கார்ந்தால் பலகையில் கை வைக்க என்னால் முடியவில்லை. முழங்கையால் தள்ளித் திறக்கிறேன். சனங்கள் எனக்கு வாதம் என்று நினைத்து எண்ணெய் கொண்டுவந்து தருகிறார்கள்.

சின்னப்பன்

மேற்குத் தாம்பரம்,
3-11-1967

சாமிக்கு.

நேற்றுக் கல்லறைத் திருநாள். தேவானந்தத்துக்குக் கல்லறை ஏது, அவன் அப்பா கல்லறையில்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்தில் ஒரு பெண் கையில் கதம்பத்தோடு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். படப்பையைச் சேர்ந்தவளாம், பெயர் காந்திமதி. இங்கே ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருக்கிறாள். இந்துப் பெண். கேட்காமலே பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்க காபியாலதான் அவரு நன்மை வாங்காம பூட்டாருன்னு நீங்க அழுதுகினு கீறீங்கன்னு எங்க வார்டு மேரியக்கா சொல்லிச்சும்மா. ரெண்டு வருசமா வரலாமா வேணாமான்னு பயந்துகினு இருந்தேன். அது காபியால இல்லம்மா. அவரு மாமாகிட்ட போயி என்னைப் பத்திச் சொல்லிக்கீறாரு. அந்தப் பொண்ண வுட்டுட்றேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் மன்னிப்புன்னாராம் மாமா. இவரு மாட்டேன்னுட்டாரு. பலகைய சாத்திட்டாராம். மறுநா ஸ்டேஷன்ல சிரிச்சிகினே சொன்னாரு. காலைல அம்மா காபி நீட்டிச்சு, நல்லதாப் போச்சுன்னு குடிச்சிட்டேன், இல்லாங்காட்டி ஏண்டா நன்மைக்குப் போவலன்னு கேட்டு உசிர எடுத்திருக்கும்னாரு."

பெட்டியில் இருந்த வளையல்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் அவளிடம் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.

இதற்கும் நீங்கள் ஆம் இல்லை என்று எழுதக் கூடாது. எனக்குத் தெரியும். எழுத வேண்டாம். அந்தச் சின்னப் பெண் கட்டுப்படாத ரகசியத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். இரண்டு வருஷம் நான் காபி காபி என்று அழுததையெல்லாம் படித்துவிட்டுக் கூரை ஓடுகளைப் பற்றி எழுதினீர்களே, அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

காபி என் தலையில் இருந்தவரைக்கும் எப்படியோ சுமந்தேன். இப்போது எங்கே இறக்கி வைப்பேன்? இன்று காலை வகுப்பில் ஞானோபதேசம். சாவான பாவத்தோடு சாகிறவன் எங்கே போவான் என்ற கேள்வி வந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்லின. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன்.

ஒரு பெண்ணை விடமாட்டேன் என்று சொன்னது அவ்வளவு பெரிய காரியமா? இரண்டு மாதத்தில் சாகப்போகிற பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாது. அது தெரிந்தால்தான் இரங்க வேண்டுமா?

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. போங்கள். மன்னித்தேன் என்று எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. சாமி என்றே எழுதி முடிக்கிறேன். சின்னப்பா என்று எழுதினால் பளாரென்று அறையத் தோன்றும்.

அமலராணி

மேல்பார்வை 56 ஏ.பி.ஓ.
21-11-1971

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று மெட்டில்டா அக்கா எழுதித் தெரிந்துகொள்கிறேன். பட்டாளத்துக்கு வந்து மூன்றரை வருஷத்தில் இது என் பதினோராவது கடிதம். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பழைய வழக்கப்படி இதன் தலையையும் கிழித்துவிட்டேன்.

இருக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது. கிழக்கே, சேறும் வாழையுமான ஊர். பண்டிட்ஜியும் நானும் ஒரே கூடாரம். நல்ல மனிதர், என் இருமலுக்குத் துளசி காய்ச்சித் தருவார். நம்ம கோவிலம்பாக்கத்து ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், ரத்தினம் என்று பெயர். அவரோடு பேசினால் பல்லாவரம் சந்தையில் நிற்பதுபோல் இருக்கும்.

இங்கே தொட்டி கிடையாது. பெட்ரோல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன். நடுவில் பலகை இல்லை. நேற்று முன்வரிசைக்குப் போனவர்களில் பத்தொன்பது பேர் நம்மவர்கள். தனித்தனியாகக் கேட்க நேரமில்லை. ஆபத்துக் காலத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை பாவப்பொறுத்தல் கொடுக்க எங்களுக்கு உத்தரவு உண்டு. கையைத் தூக்கிக் கொடுத்தேன். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்து முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை அக்கா. அவ்வளவு சுலபம். அவர்கள் லாரி ஏறிய பிறகு பத்தொன்பது பெயரையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

என் பாவத்தைக் கேட்க இங்கே யாரும் இல்லை. அடுத்த சாமியார் இருநூறு மைலுக்கு அப்பால். இங்கே வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆகவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் ஒருவனுக்குக் கொடுத்ததாக ஆவதில்லை.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உறையின் மேல் மட்டும் சின்னப்பா என்று எழுதி, வெறும் தாளைப் போட்டு அனுப்பினால் போதும்.

சின்னப்பன்

மேற்குத் தாம்பரம்,
2-12-1971

சின்னப்பா,

வெறும் தாளை அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா? நான் நலம். முழங்காலுக்கு இப்போது தடி வைத்துக்கொண்டு நடக்கிறேன். பிள்ளைகளுக்குத் தடி எதற்கு என்று தெரியாமல் வகுப்பு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

உன் பதினோரு கடிதமும் பெட்டியில் இருக்கிறது, தலை போன பதினோரு தாள். எதையும் எறியவில்லை. பதில் எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிக்க. மூன்றரை வருஷம் தண்டித்தும் எனக்கு ஒன்றும் குறையவில்லை. தேவானந்தம் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வேறு எவருக்கும் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். ஞானோபதேசம் எடுப்பதை விட்டுவிட்டேன், அமலோற்பவம் டீச்சர் எடுக்கிறாள். காந்திமதி சில ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்கு மாவு ஆட்டித் தருகிறாள். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

மன்னிப்பு என்ற வார்த்தை இன்னும் என் கைக்கு வரவில்லை சின்னப்பா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் சாத்துவதற்குப் பலகை ஒன்றும் கிடையாது. லீவு போட்டு வா. பூசைக்கு முன்னால் காபி தருகிறேன், குடி. ரெண்டு பேரும் அன்றைக்கு நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்போம், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில். அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்புறம் பார்க்கலாம்.

துளசி குடித்தால் போதாது, மிளகும் போடச் சொல்.

அக்கா

மேல்பார்வை 56 ஏ.பி.ஓ.
22-12-1971

உயர்திரு அம்மா அவர்களுக்கு, ஹவில்தார் ரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் தேக நலத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன். இந்நேரம் தந்தி வந்திருக்கும். தந்தியில் எல்லாம் எழுத மாட்டார்கள் என்று நான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் அடிபட்டவனைப் பார்க்க சாமியார் முன்னால் போனார். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். குண்டுச் சிதறல் வயிற்றில் பட்டுவிட்டது. லாரியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பண்டிட்ஜி தலையை மடியில் வைத்துக்கொண்டார், நான் காலடியில் இருந்தேன். வழியில் நினைவு வந்தது. "யாராவது சாமியார் இருக்காங்களா?" என்று கேட்டார். "நான் கீறேன் சாமி, ரத்தினம்" என்றேன். என்னை அவருக்குத் தெரியவில்லை. உங்கள் மதத்தில் சாகிறவருக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும் அம்மா. என்ன சொல்வது என்று தெரியாது. பண்டிட்ஜி அவருக்குத் தெரிந்த சுலோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சாமியார், "பலகையைத் திற" என்றார். மூன்று நாலு தடவை சொன்னார். லாரியின் பின்பலகையைத்தான் சொல்கிறார், உள்ளே இருட்டாக இருக்கிறது, காற்று வேண்டும் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, கொக்கியைக் கழற்றி இறக்கிவிட்டேன். "திறந்துட்டேன் சாமி" என்றேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் சாத்தித்தான் இருக்கு" என்றார். முழுவதுமாக இறக்கியிருந்தேன் அம்மா, வயல் வரைக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

தங்கள் கடிதம் மறுநாள் வந்தது. யாரும் பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

எனக்கு அதே நினைவாக இருக்கிறது. அந்த லாரியில் வேறு பலகை எதுவும் இல்லை. பண்டிட்ஜியையும் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அவர் எந்தப் பலகையைச் சொன்னார் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதவும்.

தங்கள் பணிவுள்ள,
ரத்தினம், கோவிலம்பாக்கம்